பத்து வருஷமா

31 ஜனவரி 2025, வெள்ளி

முப்பத்தாறு வருஷ இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை இன்றோடு முடிந்தது. சந்தன மாலை, ஒரு பிளாஸ்க், வெள்ளி முலாம் பூசிய பிள்ளையார். மேனேஜர் பேசும்போது, "க்ளைம் செக்‌ஷன்ல மங்கையர்க்கரசி மேடம் தள்ளுபடி பண்ணின ஒரு ஃபைல்கூடத் திரும்பி வந்ததில்லை" என்றார். தகவல் பிழை. இரண்டு வந்திருக்கிறது. இரண்டிலும் தப்பு என்னுடையது இல்லை.

என் நாற்காலிக்கு ஃபர்ஸானா வருகிறாள். பன்னிரண்டு வருஷம் எனக்குக் கீழே இருந்தவள், கெட்டிக்காரி. "ஆஸ்பத்திரிக் குறிப்பை எல்லாம் இனிமே மெஷின் படிக்கப்போகுது மேடம். அது தள்ளுறதை ஒரு மனுஷக் கண்ணும் பார்க்கணும். வாரம் ரெண்டு நாள் ரிவ்யூவுக்கு வாங்களேன்" என்றாள். மெஷினாவது மண்ணாங்கட்டியாவது, ஆளை விடு தாயே என்றேன்.

பிளாஸ்க்கில் சூடு நிற்கவில்லை.

3 பிப்ரவரி, திங்கள்

வீட்டில் முதல் திங்கட்கிழமை. என் வீட்டுக்காரர் குஞ்சிதபாதம் பாலக்கரையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தவர். ஒரு டஜன் ஆணி விற்க அரைமணி நேரம் பேசுவார். கடையை மூடி மூன்று வருஷமாகிறது, பேச்சை மூடவில்லை. இன்று காலை மட்டும் எண்ணினேன்: "நூறு தடவை சொல்லிட்டேன்" ஐந்து முறை, "ஒரு யுகமாச்சு" மூன்று முறை. காபி வரத்தான் அந்த யுகம். கடிகாரப்படி ஆறு நிமிஷம்.

"எதையாவது ஒழுங்கா, உள்ளதை உள்ளபடி சொல்லுங்களேன்" என்றேன்.

"பேச்சுக்குச் சொல்றதை எல்லாம் பிடிச்சுக்கிட்டு நிக்காதே மங்கை. இது என்ன உன் ஆபீஸா?"

12 பிப்ரவரி, புதன்

கம்பெனி எங்களுக்குக் கொடுத்திருந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விட்டது. ஓய்வு பெற்றவர்களுக்குத் தனி பாலிசி உண்டு. முப்பது நாளுக்குள் மாறினால் பழைய வருஷங்களும் கணக்கில் சேரும், எந்த நோய்க்கும் கேள்வி இல்லை. நாள் தவறினால் புதிதாகச் சேர்ந்தவர்கள் மாதிரிதான். ஏற்கெனவே இருந்த நோய் எதற்கும் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். மாறுவது இப்போது மொபைல் ஆப்பில் மட்டும்.

ஓசூரிலிருந்து மகள் தேன்மொழி போனிலேயே சொல்லிச் சொல்லி ஆப்பை இறக்க வைத்தாள். அது என் முகத்தைக் காட்டச் சொன்னது. பிறகு கண்ணைச் சிமிட்டச் சொன்னது. அறுபது வயதில் ஒரு போனைப் பார்த்துக் கண்ணடிக்க என்னால் ஆகாது. மூடி வைத்துவிட்டேன்.

27 பிப்ரவரி, வியாழன்

விண்ணப்பத்தைக் கைப்பட எழுதி ஆபீசில் நேரில் கொடுத்தேன். கவுன்டரில் புதுப்பெண். "ஆப்ல போட்டாத்தான் மேடம் பதிவாகும்" என்றாள். இந்தப் படிவத்தை வடிவமைத்ததே நான்தான், சீல் போட்டுக் கொடு என்றேன். பயந்துபோய்ப் போட்டுக் கொடுத்தாள். கெடு மார்ச் இரண்டு. இன்னும் நாள் இருக்கிறது.

6 மார்ச், வியாழன்

பாலிசி வந்தது. தொடங்கும் தேதி இன்று. 'புதியது' என்று போட்டிருக்கிறது. என் காகிதத்தை ஆப்பில் ஏற்றியதே இன்றுதானாம். நான்கு நாள் தாமதம்.

சண்டை போடலாம். போட்டால், கெடுவைத் தவறவிட்டவள் நான் என்பது எழுத்தில் ஏறும். இவரிடம் சொல்லவில்லை. இவருக்கு ஒரு நோயும் கிடையாது, சொல்லி என்ன ஆகப்போகிறது?

22 ஏப்ரல், செவ்வாய்

மாவடு போட்டேன். மிளகாய்ப்பொடியில் காரமே இல்லை.

19 ஜூன், வியாழன்

மாம்பழம் வாங்கிக்கொண்டு வரும்போது இவர் புங்கமரத்தடியில் நின்றுவிட்டார். "செருப்பு வார் அறுந்துபோச்சு" என்றார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். வார் அறுந்திருக்கவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

குளித்துவிட்டு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். வேர்வை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி. அங்கே இவரை உள்ளே கொண்டுபோனதும் நான் இன்ஷூரன்ஸ் மேஜைக்குப் போய்ப் படிவம் நிரப்பினேன். தப்பில்லாமல் நிரப்பினேன். அந்த மேஜைப் பையன்கள் பாராட்டினார்கள்.

திரும்பி வந்தபோது டியூட்டி டாக்டர் கேள்வி எல்லாம் கேட்டு முடித்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். இவர் அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

9 ஜூலை, புதன்

மூன்று அடைப்பு. பைபாஸ் செய்ய வேண்டும், பத்து நாளுக்கு மேல் தள்ள வேண்டாம் என்கிறார் சர்ஜன். இவரிடம் சொன்னதற்கு, "மூணுதானே? எங்க கடைத்தெருவுல முப்பது அடைப்பு உண்டு" என்றார். கை மட்டும் போர்வையைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

10 ஜூலை, வியாழன்

காலை 10.20க்கு ஆஸ்பத்திரி அனுமதி கேட்டது. 10.31க்குக் கம்பெனி மறுத்தது. பதினோரு நிமிஷம். என் காலத்தில் நான்கு நாள் ஆகும்.

மறுப்புக் கடிதம் போனில் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"நோயாளி தம் வாய்மொழியாகவே தெரிவித்துள்ள காலவரையின்படி, இந்நோய் காப்பீட்டுக்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை."

இந்த வாக்கியம் என்னுடையது. 1997இல் எழுதினேன். அரைநாள் ஆனது. 'ஐயமில்லை' வேண்டாமே என்றார் அப்போதைய மேனேஜர். இருக்கட்டும், அதுதான் வாயை அடைக்கும் என்றேன். அதற்குப் பிறகு எல்லாத் தள்ளுபடிக் கடிதத்துக்கும் அதுதான் அச்சு.

ஆஸ்பத்திரிக் குறிப்பை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி: நெஞ்சில் அசௌகரியம், பத்து வருடங்களாக.

"டாக்டர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எத்தனை நாளா இருக்குன்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. மூஞ்சியைப் பாத்தா அதுவே பயந்துபோயிருந்துச்சு. அது கிடக்கும்மா பத்து வருஷமா, ஒண்ணும் பண்ணாதுன்னேன்."

"பத்து வருஷமா இருக்கா?"

"அடிப்பாவி, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!"

போர்வையை மடித்து வைத்தேன். மறுபடியும் பிரித்து மடித்தேன். சரியாக வரவில்லை.

11 ஜூலை, வெள்ளி

இவர் டிஸ்சார்ஜ் கேட்கிறார். "கம்பெனி தந்தாத்தான் ஆபரேஷன். உன் ரிடயர்மென்ட் காசை நான் தொடமாட்டேன். மாத்திரை போதும்" என்கிறார். தேன்மொழி போனில் அழுது பார்த்தாள், அசையவில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மிகைப்படுத்தாமல் பேசுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இங்கே எழுதத்தான் முடிகிறது.

ஃபர்ஸானாவுக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை மறுபரிசீலனைக்கு எடுப்பதாகச் சொன்னாள். "பழைய ஆதாரம் ஏதாவது இருக்கா மேடம்? வாய்வார்த்தை போதாது." தெரியும். இதே வார்த்தையை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

13 ஜூலை, ஞாயிறு

பத்து வருஷம் என்றால் 2015. அந்த வருஷ டைரியைப் பரணிலிருந்து எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். இவருக்கு நெஞ்சில் வலி என்று ஒரு வரிகூட இல்லை. பிப்ரவரியில் மலைக்கோட்டை ஏறியிருக்கிறோம். 'இவர் முதலில் மேலே போய் எனக்காகக் கால்மணி நேரம் காத்திருந்தார்' என்று எழுதியிருக்கிறேன். இது உதவும்.

பிறகு இது:

'26 மார்ச் 2015. ஏழு ஃபைல் முடித்தேன். துவாக்குடி பெரியண்ணன், லேத் வேலை, இதய ஆபரேஷன். தள்ளுபடி. "ரொம்ப வருஷமா இருக்கு" என்று அவரே சொல்லியிருக்கிறார். மதியம் எலுமிச்சை சாதம். உப்பு கம்மி.'

அந்த ஃபைல் ஞாபகம் வரவில்லை. முகம் பார்த்ததில்லை. எலுமிச்சை சாதம்கூட ஞாபகமில்லை. டைரியை மூடிவிட்டுத் துணி மடிக்கப் போனேன். பாதியில் வந்து மறுபடியும் அந்தப் பக்கத்தைப் படித்தேன்.

மற்ற வருஷங்களையும் பார்த்தாயிற்று. 2023 நவம்பரில் ஒரு வரி: 'இவருக்கு நெஞ்சு கரிப்பு. மூன்று போண்டா.' இதைக் கொண்டுபோவதா வேண்டாமா? பையில் வைத்தேன். எடுத்தேன். என் மேஜைக்கு வந்து எதையாவது மறைத்தவர்களை நான் என்ன பேச்சுப் பேசியிருக்கிறேன்! பையிலேயே வைத்துவிட்டேன்.

14 ஜூலை, திங்கள்

ஆபீஸ். என் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் உட்காருவது இதுதான் முதல் தடவை. நாற்காலி தாழ்வாக இருக்கிறது. இத்தனை வருஷம் யாரும் சொன்னதில்லை.

"மெஷின் எப்படித் தள்ளுச்சு?" என்று கேட்டேன்.

ஃபர்ஸானா கொஞ்சம் தயங்கினாள். "நம்ம பழைய ஃபைல் எல்லாத்தையும் அதுக்குப் படிக்கக் கொடுத்தோம் மேடம். எது சரியான தள்ளுபடின்னு அது அதுலேர்ந்துதான் கத்துக்கிச்சு. பாதிக்கு மேல நீங்க பார்த்த ஃபைலு."

"'வருஷமா'ன்னு வந்தா தள்ளிடுமா?"

"நீங்க தள்ளியிருக்கீங்களே மேடம்."

அவள் குத்திக் காட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள். நான் வளர்த்த பெண்.

டைரிகளை மேஜையில் வைத்தேன். போண்டாப் பக்கத்தையும் நானே காட்டினேன். படித்தாள். சிரிப்பை அடக்கினாள். "மூணு போண்டாவா மேடம்? இதுக்கு என்னைத் தள்ளச் சொன்னா நான் ராஜினாமா பண்ணிடுவேன். ஆனா மலைக்கோட்டை மட்டும் போதாது. சார்கிட்டப் பேசலாமா?"

ஸ்பீக்கரில் போட்டாள். நான் பேசக் கூடாது என்று சைகை செய்தாள்.

"சார், உங்களுக்குக் கல்யாணம் ஆகி எத்தனை வருஷமாச்சு?"

"அது ஆச்சும்மா ஒரு நூறு வருஷம்! ஏன், உங்க மேடம் ஏதாவது புகார் கொடுத்திருக்காளா?"

"மலைக்கோட்டை ஏறியிருக்கீங்களா?"

"ஆயிரம் தடவை!"

அவள் எழுதிக்கொண்டாள். அப்புறம் குரலைத் தணித்து, "சார், எத்தனை வருஷமான்னு கேக்கலை. இந்த நெஞ்சு வலி முதமுதல்ல வந்தப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

முப்பத்தைந்து வருஷத்தில் இவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

"மாம்பழம் வாங்கிட்டு வந்துட்டிருந்தோம். போன மாசம். நெஞ்சை அழுத்திச்சு, புங்கமரத்தடியில நின்னேன். இவ பயந்துக்குவாளேன்னு செருப்பு வார் அறுந்துபோச்சுன்னு பொய் சொன்னேன். அவகிட்டச் சொல்லிடாதம்மா."

இந்த டைரியைப் பையிலிருந்து எடுத்து ஜூன் பத்தொன்பதாம் தேதியைக் காட்டினேன். ஃபர்ஸானா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டாள். முன்பக்கங்களையும் புரட்டினாள். மண்ணாங்கட்டி என்று எழுதியதையும் படித்திருப்பாள்.

15 ஜூலை, செவ்வாய்

அனுமதி கிடைத்தது. ஃபர்ஸானாவே போன் செய்தாள்.

மார்ச் மாத விஷயத்தை இவரிடம் இன்று சொன்னேன். ஆப், கண் சிமிட்டல், நான்கு நாள், எல்லாம். நான் நாளைத் தவறவிடாமல் இருந்திருந்தால் அவர் நூறு வருஷம் என்று சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"ஓகோ" என்றார். "நான் வாயால கெடுத்தேன், நீ வீம்பால கெடுத்தே. சரிக்குச் சரி. இதுக்குப் போயி அழுவாளா ஒருத்தி?"

அழவில்லை. கண்ணில் ஏதோ விழுந்திருந்தது. உள்ளதை உள்ளபடி எழுத வேண்டுமென்றால், அழுதேன்.

18 ஜூலை, வெள்ளி

காலை ஏழு மணிக்கு உள்ளே. பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே. நன்றாக இருக்கிறார்.

4 ஆகஸ்ட், திங்கள்

வீட்டுக்கு வந்து ஒரு வாரம். உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, "ஜெயில்லகூட இதைவிட நல்லாப் போடுவாங்க" என்கிறார். ஜெயிலுக்குப் போனதில்லை.

ஃபர்ஸானா மறுபடியும் கூப்பிட்டாள், ரிவ்யூ வேலைக்கு. வருகிறேன் என்றேன். இரண்டு நிபந்தனை. ஒன்று, 'ஐயமில்லை' கடிதத்திலிருந்து போக வேண்டும். இரண்டு, 'வருஷமா' என்று வந்தால் மெஷின் தள்ளக் கூடாது, ஒருவர் போன் செய்து முதல் தடவை எப்போது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்க வேண்டும். இரண்டையும் ஒப்புக்கொண்டாள். மெஷினுக்கு மறுபடியும் பாடம் எடுக்க வேண்டுமாம். கற்றுக்கொள்ளட்டும், நானும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

வேலையில் சேர ஆப்பில் முகம் காட்ட வேண்டும். கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிமிட்டினேன். முதல் தடவை ஏற்கவில்லை. "எனக்கு ஒரு தடவையாவது அப்படிக் கண்ணடிச்சிருக்கியா நீ?" என்று கட்டிலிலிருந்து இவர் சிரித்தார். சிரித்தால் தையல் வலிக்கும், சும்மா இருங்கள் என்றேன். இரண்டாம் தடவை ஏற்றுக்கொண்டது.

13 ஆகஸ்ட், புதன்

பழைய தள்ளுபடிகளில் 'வருஷமா' என்ற ஒரு வார்த்தையால் மட்டும் போனவற்றை எடுத்துத் தரச் சொல்லி மெஷினிடம் கேட்டேன். நான்கு நொடி. இருநூற்றுப் பதினான்கு. எல்லாவற்றின் அடியிலும் என் கையெழுத்து. ஃபர்ஸானா மேலிடத்தில் பேசி, வேண்டியவற்றைத் திரும்ப எடுத்துப் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறாள். எதிலிருந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். துவாக்குடி என்றேன்.

போன் எண் இருந்தது. இன்று போடவில்லை. அடுத்த வாரம் போடலாம். இவருக்கு மாத்திரை வாங்க வேண்டியிருந்தது.

20 ஆகஸ்ட், புதன்

போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தார். பெயர் செங்கமலம் என்று பிறகு சொன்னார்.

"பெரியண்ணன் இருக்காருங்களா?"

"அவரு போயி பத்து வருஷமாச்சு. நீங்க யாரு?"

பெயரையும் கம்பெனியையும் சொன்னேன். பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"அந்த லெட்டரு போட்டவங்களா?"

ஆமாம் என்றேன்.

"ஆபரேசனு இல்லைன்னு வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். 'ரொம்ப வருஷமான்னு ஒரு பேச்சுக்குத்தான சொன்னேன் செங்கமலம், அதையா எழுதி வெப்பாங்க'ன்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. நான் என்னத்தச் சொல்ல?"

"தப்பு என்னுதும்மா" என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் போனில் இதை நான் சொன்னதில்லை. "அவருகிட்டே ஒரு கேள்வி கேட்டிருக்கணும், கேக்கலை. அந்த ஃபைலைத் திரும்ப எடுக்கிறேன்."

"எடுத்து?"

அந்த அம்மா திட்டியிருக்கலாம். திட்டவில்லை. படிவத்தில் நிரப்ப வேண்டிய கட்டம் ஒன்று இருந்தது.

"பத்து வருஷம்னு சொன்னீங்க. சரியா எந்தத் தேதிங்க?"

யோசிக்கவே இல்லை. "மே அஞ்சு. செவ்வாக்கெழமை. காலைல ஒம்பதே காலு."

எழுதினேன்: 5-5-2015. என் கடிதத்துக்கு நாற்பதாவது நாள். இன்றைக்குக் கணக்குப் போட்டால் பத்து வருஷம், மூன்று மாதம், பதினைந்து நாள். அந்த அம்மா பேச்சுக்குச் சொல்லவில்லை.